குழுத் தலைமைமேல் நம்பிக்கை போய்விட்டால்: கோலாலம்பூர் வட்டாரத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூல் கடைவீட்டு மாடியில் கூடும் ஜெபக் குழு, கெப்போங் தாமான் வீடொன்றில் நடக்கும் குருஜியின் பஜனை, பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு எடுத்த தியான மண்டபம் என்று எதுவாகவும் இருக்கலாம். கட்டொழுங்கு மிகுந்த ஒரு குழுவில் பல ஆண்டுகள் இருந்து, இப்போது அதன் தலைமைமேல் நம்பிக்கை ஆட்டம் கண்டவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். எந்தக் குழுவின் பெயரையும் சொல்லவில்லை. சட்டக் குறிப்புகள் தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொருந்துபவை. பெரிய தொகையோ பிள்ளைகளின் பராமரிப்போ சம்பந்தப்பட்டிருந்தால் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அவசரத்தில் இருப்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. பிள்ளைக்கோ வீட்டுக்குள் அடிபடுபவருக்கோ உதவி தேவை என்றால் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999. ஏமாற்றப்பட்டுச் சற்றுமுன்தான் பணத்தை மாற்றிவிட்டேன் என்றால் 997.

தலைவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் பாவம் செய்கிறேனா?

இல்லை. சாமியும் சாமியாரும் ஒன்று, தேவனும் பாஸ்டரும் ஒன்று என்று வருடக்கணக்காகக் கேட்டுப் பழகியதால்தான் அப்படித் தோன்றுகிறது. “குரு துரோகம்”, “பின்மாற்றம்” போன்ற சொற்கள் கேள்வி கேட்பதையே குற்றமாக்கிவிடுகின்றன.

இரண்டையும் பிரித்து வையுங்கள். தலைவர் நாளைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டால் வீட்டில் விளக்கேற்றுவீர்களா, படுக்கும் முன் ஜெபிப்பீர்களா? ஆம் என்றால் உங்கள் பக்தி அப்படியே இருக்கிறது. போனது ஒரு மனிதர்மேல் வைத்த நம்பிக்கை மட்டும். பதில் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. கடவுள் பற்றிய கேள்விக்கு இந்த வருடமே விடை காண வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தலைமை பற்றிய கேள்விக்குத்தான் பணம், பிள்ளை, கையெழுத்து என்று அவசரங்கள் உண்டு. அதை முதலில் பாருங்கள்.

எங்கள் குழுவில் விதிகள் கடுமை. அது மட்டுமே தவறாகிவிடுமா?

ஆகாது. 48 நாள் விரதம் இருந்து பத்துமலை ஏறுகிறவர்களும் கடுமையாகத்தான் இருக்கிறார்கள். வாரம் மூன்று கூட்டம், சைவ உணவு, எளிய உடை, மது இல்லை என்பதெல்லாம் மனம் ஒப்பி ஏற்பவருக்கு நன்மையே.

விதியின் கடுமையைவிட, அது யாருக்குப் பொருந்துகிறது, மீறினால் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். தலைவரின் குடும்பத்துக்கு வேறு விதி, உங்களுக்கு வேறு விதியா? வேலை மாறவும் வீடு வாங்கவும் பெண் பார்க்கவும் அனுமதி கேட்க வேண்டுமா? மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சொல்லப்படுகிறதா? அழுது அறிக்கையிட்ட பாவம் அடுத்த மாதம் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டாக வருகிறதா? வெளியேறிய ஒருவரையாவது “நல்ல மனிதர், ஒத்துவரவில்லை, போனார்” என்று தலைமை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-இல் சிந்தனைக் கட்டுப்பாட்டுக்கு எட்டு அடையாளங்களை வகுத்தார். அவற்றில் நம் குழுக்களில் எளிதாகக் கண்ணில் படுவது மொழி. எந்தச் சிக்கலான கேள்வியையும் ஒரே குழுஉச்சொல்லால் மூடிவிடுவார்கள்: “அது உன் ஈகோ”, “அது சத்துருவின் குரல்”, “கர்மா”. ஒரு வாரம் இதைக் கவனியுங்கள். நீங்கள் கேட்டது கணக்கு. கிடைத்த பதில் உங்கள் ஆவிக்குரிய நிலையைப் பற்றியது என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றே எழுதி வையுங்கள்.

அருள்வாக்கு பொய்த்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். பிறகும் ஏன் யாரும் விலகவில்லை?

1954-இல் அமெரிக்காவின் சிக்காகோ அருகே ஒரு சிறு குழு, டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வந்து உலகம் அழியும் என்று நம்பியது. சிலர் வேலையை விட்டார்கள், உடைமைகளைக் கொடுத்துவிட்டார்கள். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆய்வாளர்கள் அந்தக் குழுவுக்குள்ளேயே இருந்து பார்த்தார்கள். வெள்ளம் வரவில்லை. “நம் விசுவாசத்தால் உலகம் காப்பாற்றப்பட்டது” என்று விடியற்காலையில் புதிய செய்தி வந்தது. அதுவரை பத்திரிகையாளர்களை விரட்டிக்கொண்டிருந்தவர்கள், அதன்பின் தாங்களே பத்திரிகைகளைக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார்கள்.

அதிகம் இழந்தவருக்குத்தான் ஒப்புக்கொள்வது கடினம். பத்து வருட வார இறுதிகளையும் கட்டட நிதிக்கு நகையையும் கொடுத்த ஓர் அக்காவிடம் “ஏமாந்துவிட்டீர்கள்” என்று சொன்னால், அவர் தன் பத்து வருடத்தையும் சேர்த்தே தூக்கி எறிய வேண்டியிருக்கும். அதனால் எறியமாட்டார். இது முட்டாள்தனமல்ல. நீங்களும் சென்ற வருடம் வரை அதே இடத்தில்தான் நின்றீர்கள்.

கணக்குக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

கேட்கும் முன், குழு சட்டப்படி என்னவாக இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய், தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

ரசீதையோ மண்டப வாசல் பலகையையோ பாருங்கள். பிபிஎம் (PPM) என்று தொடங்கும் எண் இருந்தால் அது 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம். அது ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கையும் பொறுப்பாளர் பட்டியலையும் அனுப்ப வேண்டும். “பெர்ஹாட்” என்று முடியும் பெயர் இருந்தால் அது உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக இருக்கக்கூடும். அதன் இயக்குநர் விவரத்தையும் தாக்கல் செய்த தணிக்கைக் கணக்கையும் நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் இணையச் சேவையில் கட்டணம் செலுத்தி யாரும் வாங்கலாம். எந்த எண்ணும் இல்லை, பணம் தலைவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்றால், நீங்கள் கொடுத்தது ஓர் அமைப்புக்கு அல்ல, ஒரு தனிமனிதருக்கு. பெரும்பாலோர் அதிர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

அடுத்த அதிர்ச்சியும் உண்டு. சங்கம் பதிவுசெய்ய 7 பேர் போதும். வாரம் 300 பேர் கூடும் குழுவிலும், பதிவேட்டில் உறுப்பினர் என்று இருப்பது தலைவர் குடும்பமும் நெருங்கிய சிலரும் மட்டுமாக இருக்கலாம். கணக்கைப் பார்க்கும் உரிமை சங்கச் சட்டவிதிப்படி உறுப்பினருக்குத்தான். சந்தா கட்டிய ரசீது, உறுப்பினர் எண், பொதுக்கூட்ட அழைப்பு ஆகிய மூன்றில் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். சட்டவிதி நகலையும் கேட்டு வாங்குங்கள்.

பிறகு எழுத்தில் கேளுங்கள். இந்த அளவு போதும்:

“வணக்கம். நான் 2016 முதல் உறுப்பினர். கடந்த இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, மண்டபக் கட்டட நிதியின் வரவு செலவு ஆகியவற்றைப் பார்க்க விரும்புகிறேன். எப்போது, எங்கே பார்க்கலாம் என்று 14 நாளுக்குள் தெரிவிக்கவும். நன்றி.”

“மோசடி”, “ஊழல்”, “எனக்குத் தெரியும்” போன்ற சொல் ஒன்றும் அதில் வேண்டாம். அப்படி ஒரு சொல் இருந்தால் பேச்செல்லாம் அந்தச் சொல்லைப் பற்றியே நடக்கும், கணக்கு மறந்துபோகும். மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் தலைவர் தன் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார்.

கணக்கு கையில் கிடைத்தால் நான்கு இடங்களைப் பாருங்கள். கட்டட நிதி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, பொது வரவோடு கலந்துவிட்டதா? வாடகை யாருக்குப் போகிறது? மண்டபம் தலைவரின் மைத்துனர் பெயரில் இருப்பது அபூர்வமல்ல. பொறுப்பாளருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்களா? ஆண்டு இறுதியில் “கையிருப்பு ரொக்கம்” பெரிய தொகையாக நிற்கிறதா? அவ்வளவு பணத்தை வங்கியில் போடாமல் கையில் வைத்திருக்கக் காரணம் என்ன என்று கேட்க வேண்டும்.

எழுத்தில் பதில் தராமல் “நேரில் வந்து பேசுங்க” என்று அழைப்பு வரலாம். போகலாம், தனியாக மட்டும் வேண்டாம். ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். “ஒரு மணி நேரம்தான் இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லுங்கள். எதிலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீடு திரும்பியதும் பேசியதைத் தேதியோடு எழுதி அவர்களுக்கே அனுப்புங்கள்: “இன்று நீங்கள் இப்படிச் சொன்னதாகப் புரிந்துகொண்டேன்.” மறுப்பு வராவிட்டால் அதுவே ஓர் ஆவணம்.

உண்மையாகவே கணக்கை எடுத்துக் காட்டி, தவறு நடந்த இடத்தை ஒப்புக்கொண்டு சரிசெய்யும் தலைமைகளும் உண்டு. அப்படி நடந்தால் விலக வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

எப்படிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உண்டியல், தட்சிணை, தசமபாகம் எல்லாம் நன்கொடை. மனம் மாறியது என்பதற்காக மட்டும் திரும்பக் கேட்க முடியாது. கடனாகக் கொடுத்ததைக் கேட்கலாம். குறிப்பிட்ட காரியத்துக்கு என்று திரட்டி வேறு எதற்கோ செலவழித்திருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். போலீஸ் புகாருக்கும் இடமிருக்கலாம். “மாதம் இவ்வளவு லாபம் வரும், ஆசீர்வாத முதலீடு” என்று வாங்கியிருந்தால் அது பக்தி விஷயமே அல்ல. உரிமமின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி குற்றம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் போலீசுக்கும் புகார் செய்யலாம்.

நன்கொடைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் உங்கள்மேல் வைத்திருந்த பிடியைப் பயன்படுத்தி உங்கள் சம்மதத்தை வாங்கினால், அதைத் தகாத செல்வாக்கு என்கிறது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 16. அதன் மூலமான இந்தியச் சட்டத்தில் 1890-இல் அலகாபாத்தில் ஒரு வழக்கு வந்தது. மறுமைப் பலன் கருதி ஒரு முதியவர் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிவைத்தார். குருவுக்குச் சீடன்மேல் உள்ள பிடியே தகாத செல்வாக்கை ஊகிக்கப் போதுமானது, அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது குருதான் என்று நீதிமன்றம் கருதியது. அதற்குச் சற்று முன், 1887-இல் தீர்ப்பான ஓர் இங்கிலாந்து வழக்கில், கன்னியர் குழுவை விட்டு வெளியேறிய பெண்மணி தன் சொத்தைத் திரும்பக் கேட்டார். செல்வாக்கு இருந்தது உண்மைதான் என்றது நீதிமன்றம். ஆனால் வெளியேறிய பின் சுமார் ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டதால் அவருக்குப் பணம் கிடைக்கவில்லை.

ஆகவே நாள் கடத்தாதீர்கள். இங்கும் ஒப்பந்த வழக்குகளுக்கு 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி 6 வருடம்தான். 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் படிவம் 198 கொண்டு நீங்களே பதியலாம்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வங்கிச் செயலியில் பழைய அறிக்கைகளைப் பதிவிறக்கி, குழுவுக்குப் போன ஒவ்வொரு தொகையையும் தேதி வாரியாகப் பட்டியலிடுங்கள். ரசீதுகளைப் படமெடுத்து வையுங்கள். ஒழுங்கான ரசீதில் அமைப்பின் பெயர், பதிவு எண், வரிசை எண், தேதி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, நோக்கம், கையெழுத்து இருக்கும். “வரி விலக்கு உண்டு” என்று சொல்லி வாங்கியிருந்தால், வருமான வரிச் சட்டப் பிரிவு 44(6)-இன் அனுமதி எண் அதில் இருக்க வேண்டும். வெள்ளை உறையில் கொடுத்ததற்கு ரசீது இருக்காது. அன்றைய ஏடிஎம் பணமெடுப்பு, அந்த வாரத்து வாட்ஸ்அப் செய்தி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே பொருளாளர். எப்படி விலகுவது?

சாதாரணமாக வருபவர் போவதை நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் அப்படி நழுவ முடியாது. உங்கள் பெயர் காகிதத்தில் இருக்கும்வரை பொறுப்பும் உங்களுடையதே.

முதலில் உங்கள் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள்: காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம், கடைவீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, இணையச் சேவை, குழுவின் வேன், வங்கிக் கடனுக்கு ஜாமீன். வேன் உங்கள் பெயரில் இருந்தால் சம்மனும் உங்களுக்குத்தான் வரும். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் செயலியில் பார்க்கலாம். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால், நீங்கள் போன பின் அவர்கள் வாடகை கட்டாவிட்டாலும் வீட்டுக்காரர் உங்களிடம்தான் வருவார். கடன் விவரம் பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் இலவசமாகத் தெரியும். குழுவுக்காக எடுத்த சொந்தக் கடன் கழுத்தை நெரித்தால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது.

பிறகு ஒப்படைப்புப் பட்டியல் தயாரியுங்கள்: காசோலைப் புத்தகம் (எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை), ரசீதுப் புத்தகம், கையிருப்பு ரொக்கம், சாவிகள், கடவுச்சொற்கள். இரண்டு நகல் எடுத்து, பெற்றுக்கொள்பவரின் கையெழுத்தோடு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை அன்றே கொடுங்கள். வங்கிக்கும் தனியாக ஒரு கடிதம். பதவி விலகிய பின் ஒரு காசோலையிலும், “கடைசியாக இது ஒண்ணுதான்” என்றாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்கில் தவறு இருப்பது உங்களுக்கே தெரியும் என்றால், ஒப்படைக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கட்ட இயலாதவர்கள் கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தையோ அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ அணுகலாம்.

அங்கேயே தங்கி, அவர்கள் நடத்தும் கடையில் “சேவை” செய்கிறேன். சம்பளம் இல்லை.

குறித்த நேரம், மேற்பார்வை, லாபத்துக்கு விற்பனை என்று மூன்றும் இருந்தால் அதற்குச் சேவை என்று பெயர் வைத்தாலும், சட்டத்தின் பார்வையில் அது வேலையாக இருக்கலாம். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வழக்கறிஞர் வேண்டாம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆகஸ்ட் முதல் ஐந்துக்கும் குறைவான ஆட்கள் உள்ள இடங்களுக்கும் அதே தொகைதான். ஊழியர் சேமநிதியான இபிஎஃப் கணக்கில் சந்தா விழுகிறதா என்றும் பாருங்கள். வேலை செய்த நாள், நேரம், சொன்னவர் பெயர் மூன்றையும் இன்றிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

அடையாள அட்டையான ஐசியையும் பாஸ்போர்ட்டையும் “பத்திரமாக” அவர்கள் வைத்திருந்தால், கிளம்பும் பேச்சை எடுக்கும் முன் அவற்றை வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், கிளினிக்கில் கேட்கிறார்கள் என்று சொன்னால் போதும். மற்றவரின் பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வக் காரணமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கொடுக்க மறுத்தால் அதையே போலீஸ் புகாராகப் பதியுங்கள்.

பையில் என்ன வேண்டும்? ஐசி, பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வங்கி அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள், இரண்டு வார மருந்து, போன் சார்ஜர், ரொக்கம் கொஞ்சம். போனின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள். எந்த உறவினர் வீட்டுக்குப் போவீர்கள் என்பது உள்ளே யாருக்கும் தெரியக்கூடாது, நெருங்கிய தோழிக்கும்கூட. பிறகு அவரைத்தான் உட்காரவைத்துக் கேட்பார்கள்.

என் மனைவி இன்னும் முழு நம்பிக்கையோடு இருக்கிறார். என்ன பேசுவது?

இருப்பதிலேயே கடினமான கேள்வி இது. விலகுபவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான். மூன்று மாதமாக ரகசியமாகப் படித்து, யோசித்து, ஆதாரம் திரட்டி வைத்திருப்பார்கள். ஒரு ராத்திரி எல்லாவற்றையும் மனைவி மடியில் கொட்டுவார்கள். உங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது அவருக்கு மூன்று மணி நேரத்தில் நடக்காது. மறுநாள் காலை அவர் முதலில் போன் செய்வது குருஜிக்கோ பாஸ்டருக்கோதான்.

தலைவரைத் திட்டாதீர்கள். தலைவரைத் திட்டினால் மனைவி காதில் விழுவது “நீ முட்டாள்” என்பதுதான். உங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள்: “எனக்கு அங்கே உட்கார்ந்தா மனசு ஒப்பலமா. நீ போ, நான் கொண்டுவந்து விடுறேன். ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்கேன்.” இதை வாரா வாரம் செய்ய முடிந்தால், வெளியே போனவன் குடிகாரனாவான், குடும்பம் சிதறும் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதற்கு நேர்மாறான ஒன்றை அவர் தினமும் வீட்டிலேயே பார்ப்பார்.

பணத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து எவ்வளவு, அவர் சம்பளத்திலிருந்து எவ்வளவு என்று பேசி முடிவெடுங்கள். வீட்டின் மேல் கடன் வாங்குவதற்கோ இபிஎஃப் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கோ சம்மதிக்காதீர்கள். உயிலில் குழுவுக்கு எழுதி வைத்திருந்தால் புதிய உயில் எழுதலாம். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவரின் துணையோ சாட்சியாக இருந்தால் அவருக்குரிய பங்கு செல்லாது.

விவாகரத்தை முதல் வருடத்தில் யோசிக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. குழு சொல்லி அவர் உங்களைப் பிரியலாம்; அது உங்கள் கையில் இல்லை. ஆனால் குழுவை விட்ட கோபத்தில் எடுக்கும் முடிவைப் பிறகு திருத்துவது கடினம். அடி, உதை, பூட்டிவைத்தல் இருந்தால் கதை வேறு. அப்போது 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உண்டு. பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூஏஓவின் எண் 03-3000 8858.

பிள்ளைகளை யார் எந்த வழிபாட்டுக்குக் கூட்டிப்போவது?

18 வயதுக்குட்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவுசெய்வர் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பு 12(4). பிள்ளையை மதம் மாற்ற இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29 அன்று, எம். இந்திரா காந்தி என்ற மலேசியத் தாய் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர் பிரிந்தால் பராமரிப்பை நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்த்தே முடிவுசெய்யும். 7 வயதுக்குக் கீழ் என்றால் தாயிடம் இருப்பதே நல்லது என்ற ஊகம் உண்டு, அதை மறுத்து வாதிடலாம்.

சில விஷயங்களில் சமரசம் கூடாது. ஆரம்பப் பள்ளி 2003 முதல் கட்டாயம். “குருகுலத்தில் படிக்கிறான்” என்பது தானாகவே விலக்கு ஆகாது. பிள்ளைகளைத் தங்கவைக்கும் பராமரிப்பு இல்லம் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். 2024 செப்டம்பர் 11 அன்று சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸ் மீட்டதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். வெளியே இருந்தவர்களின் கண்ணில் அவை சமயப் பராமரிப்பு இல்லங்கள்தான்.

பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் மூத்தோர் கூட்டம், உள் விசாரணை எதற்கும் காத்திருக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், பிரிவு 19, தெரிந்தும் புகார் செய்யாதவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கிறது. “சபைக்குள்ளேயே தீர்த்துக்கொள்வோம்” என்பவர் உங்களையும் குற்றத்தில் சேர்க்கிறார்.

“வெளியே போனவன் உருப்பட்டதில்லை” என்று சபிக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படுவது இயல்பு. பத்து வருடம் கேட்ட வாக்கு ஒரு நாளில் உதிராது. விலகிய பின் கார் பஞ்சர் ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான் என்று தோன்றும். உள்ளே இருந்தபோதும் பஞ்சர் ஆனது, காய்ச்சல் வந்தது. அப்போது அதைச் “சோதனை” என்றார்கள். நெஞ்சு படபடப்பு இரவில் அதிகமாகும். தூக்கம் கெட்டு வாரங்கள் ஆனால் அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 15555. யாரிடமாவது பேசினால் போதும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929.

சாபம் வேறு, மிரட்டல் வேறு. “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்பதற்குப் புகார் செய்ய முடியாது. “உன் பாவ அறிக்கையை எல்லோருக்கும் அனுப்புவோம்”, “வேலையிடத்துக்கு வருவோம்” என்பவை மிரட்டல். விடாமல் பின்தொடர்வது 2023 முதல் தண்டனைச் சட்டம் 507ஏ-இன்கீழ் குற்றம். செய்தியை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரியும்படி திரைப்பிடி எடுத்து, போலீஸ் புகார் எண்ணை வாங்குங்கள். பதிலுக்கு ஒரே ஒருமுறை எழுதுங்கள்: “இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்.” அதற்குமேல் ஒரு வரிகூட வேண்டாம்.

முகநூலில் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா?

எழுதும் வேகத்தில் அவதூறு வழக்கில் மாட்டுவீர்கள். புகார்கள் முதலில், அதுவும் ஆவணம் உள்ளவற்றை மட்டும். பொதுவெளி பிறகு, வழக்கறிஞர் படித்துப் பார்த்த பின்.

நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். எங்கள் ஜமாத்திலும் இதே பிரச்சினை.

ஒரு குழுவையோ அதன் தலைவரையோ விட்டு விலகுவது மதத்தை விட்டு விலகுவது ஆகாது. அதைத் தெளிவாகச் சொல்லியே பேசுங்கள். போதனை பற்றிய புகார் என்றால் கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய இலாகாவான ஜாவி, பினாங்கில் மாநில இஸ்லாமிய சமய விவகாரத் துறை. பணம், அடி, பிள்ளை என்றால் எல்லோரையும் போல போலீஸ். திருமணமும் பராமரிப்பும் ஷரியா நீதிமன்றத்தின் கீழ் வருவதால், ஷரியா வழக்கறிஞரைப் பார்க்காமல் இந்தப் பக்கத்தின் குடும்பச் சட்டக் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

விலகி இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

வாரத்தில் 12 மணி நேரத்தை ஒரு குழுவுக்குக் கொடுத்தவருக்கு அந்த நேரம் அப்படியே காலியாக நிற்கும். கூட்டம் நடந்த அதே நேரத்துக்கு வேறு ஒன்றை வையுங்கள்: பிள்ளையோடு நீச்சல், அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு, தித்திவாங்சா ஏரியைச் சுற்றி நடை. பழைய பஜனைப் பாட்டோ கீர்த்தனையோ கேட்டு அழுகை வந்தால் அழுங்கள். அந்தப் பாட்டு தலைவரின் சொத்தல்ல. பிறகு எப்போதாவது உங்களுக்கே திரும்பி வரும்.

ஒரு வருடத்துக்கு வேறு எந்தக் குழுவிலும் முழுமூச்சாகச் சேராதீர்கள். காலியான இடத்தை நிரப்ப இன்னொரு குருவைத் தேடும் அவசரம் இந்த மாதங்களில்தான் வரும். தைப்பூசத்துக்குப் போங்கள், கூட்டத்தோடு நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். பெரிய தேவாலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வாருங்கள். யாரும் உங்கள் பெயர் கேட்காத இடத்தில் கும்பிடுவது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தக் குழுவுக்கு ஆட்களைக் கூட்டிவந்ததே நான்தான். இப்போது அவர்கள் உள்ளே, நான் வெளியே.

அவர்களிடம் நீங்கள் கையில் வாங்கி ஒப்படைத்த பணம் உண்டா என்று முதலில் பாருங்கள். உண்டென்றால் யாரிடமிருந்து, எவ்வளவு, எப்போது, யாரிடம் கொடுத்தேன் என்று எழுதி, அவரவர் தொகை விவரத்தாளை அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அவர்கள் கேட்க நினைத்தால் அந்தத் தாள் ஒன்றுதான் ஆதாரமாக இருக்கும். தொகை பெரிதென்றால், கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு செய்தி அனுப்புங்கள். இழுத்து வந்ததைப் போலவே இழுத்துப் போக முயலாதீர்கள். ஓர் அக்காவுக்கு எழுதுவதென்றால் இப்படி இருக்கலாம்:

“அக்கா, மார்ச்சிலிருந்து நான் அங்க போறதில்ல. உங்களக் கூட்டிட்டுப் போனது நான்தான், அதனால நேரா உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. ஏன்னு எப்பவாவது கேக்கணும்போல இருந்தா போன் பண்ணுங்க, எந்த நேரமானாலும் எடுப்பேன். கேக்கலன்னாலும் தீபாவளிக்கு எப்பவும்போல முறுக்கு கொண்டுட்டு வருவேன்.”